ராசாப்பாறையில் எடுத்த படம்

கம்பெனி டூர் போனதை நம் தெருவில் நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனியைக் கொஞ்ச நாள் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் பஸ் பிடித்து எல்லாரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். சில வருஷம் திருச்செந்தூர். சில வருஷம் குற்றாலம். அந்த வருஷம் ராசாப்பாறை.

இப்போது நமக்கெல்லாம் நாற்பதை ஒட்டி வயது. பட்டாசு மருந்துச் செட்டில் உட்கார்ந்து எழுந்த உடம்புக்கு அது போதும், கிழவிதான். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்தப் பாறையில் ஓடி ஏறினேன் என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அப்போது எனக்குப் பதினொன்று. அக்காவுக்குப் பத்தொன்பது. நடுவில் பிறந்தது எதுவும் தங்கவில்லை. அக்கா புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற செட்டில் வேலை பார்த்தாள். அப்பா அதே கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுவார். அம்மாவும் நானும் வீட்டில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவோம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒட்டுவேன். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதானே.

டூர் அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு லோடு பாக்கி இருந்தது. அவர் இடத்தில் அம்மா ஏறினாள். அம்மா மடியில் நான்.

ஏழாயிரம்பண்ணையில் விடியும் முன்னால் ஏறினோம். செங்கோட்டை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். வளைவுக்கு வளைவு வாந்தி. எதிர்வீட்டுச் சித்தி முன் சீட்டில் இருந்தாள். சொந்தச் சித்தி இல்லை, அப்படிக் கூப்பிடுவோம். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“என்ன மதினி, கட்டிட்டு வந்த புளிச்சோத்தையெல்லாம் வழியிலயே எறக்கி வைக்கீக. மேல போயி ராசாவுக்கு என்னத்தக் குடுப்பீக?”

பஸ்ஸே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

மேலே போய் இறங்கினதும் காது அடைத்துக்கொண்டது. ஈரக் காற்று. நம் ஊரில் மழை பெய்தால்தான் வருகிற மண் வாசம் அங்கே மழை இல்லாமலே வந்தது. அம்மாவால் நிற்க முடியவில்லை. ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டாள். அன்று அம்மா பார்த்தது அந்த மரம் ஒன்றுதான்.

முன்காலத்தில் மலையாளத்து ராசா கோடையில் அங்கே வந்து தங்குவாராம். பல்லக்கில் தூக்கிக்கொண்டு வருவார்களாம். ஓட்டு பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் தாண்டிப் படிக்கட்டு. படி நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. படிக்குக் கீழே வந்ததும் நம் பெண்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. தீப்பொறிக்குப் பயந்து செட்டுக்குள் நுழையும்போது கழற்றிக் கழற்றிப் பழக்கம். செருப்பை வரிசையாக விட்டுவிட்டுப் போனோம். குரங்கு சும்மா இருக்குமா.

மேலே பெரிய பாறை. பாறையைக் குடைந்து ஒரு ஆசனம் செய்திருந்தார்கள். சுற்றிச் சங்கிலி. பக்கத்தில் வாட்ச்மேன் நின்றுகொண்டு கதை சொன்னார். பாதித் தமிழ், பாதி மலையாளம். ராசா கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார் என்றார். கீழே தெரிவது அவர் நாடு இல்லை, பாண்டி நாடு. தன்னுடையது இல்லாததைப் பார்ப்பதற்கு அவ்வளவு ஆசையாம்.

கதைக்கு நடுவில் அவர் ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீக்குச்சியை உரசினார். அவ்வளவுதான். எங்கள் கூட்டம் மொத்தமாகப் பத்தடி பின்னால் போனது. ஒருத்தி தன் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். வாட்ச்மேன் பயந்துபோய்க் குச்சியைக் கீழே போட்டார். சித்திதான் அவருக்கு விளக்கினாள். பிறகு அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

கிழக்கே பனி விலகியது. கீழே ஒரே வெளிறிய தரை. அங்கங்கே கண்மாய் தகரத்துண்டு மாதிரி மின்னியது. எல்லாரும் ஊரைத் தேடினார்கள். ஒருத்தி இருக்கன்குடிக் கோயில் தெரிகிறது என்றாள். சித்தி விடவில்லை.

“அந்தா நம்ம கம்பெனி. கேட்டுல போர்மேன் நிக்காரு பாரு. ஏன் லேட்டுன்னு நம்மளத்தான் பாக்காரு.”

ராசா ஆசனத்துக்குக் கீழே, பின்பக்கமாக, இன்னொரு இடம் இருந்தது. அது ராணிக்கு. முன்னால் ஆள் உயரத்துக்குக் கல் சுவர். சுவரில் சின்னச் சின்ன ஓட்டை. ராணி அந்த ஓட்டை வழியாக எல்லாவற்றையும் பார்க்கலாம். ராணியை யாரும் பார்க்கக்கூடாது. வாட்ச்மேன் அப்படித்தான் சொன்னார். உண்மையோ பொய்யோ.

அக்காவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். என்னத்தப் பார்க்கிறே என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்றாள். காற்று ஓட்டை வழியாக ஊளையிட்டது. அவள் முகம் குளிர்ந்து கிடந்தது. எப்போதும் அவள் மூக்கு ஓரத்தில் மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி மின்னும். அன்றைக்கு இல்லை. கையில் மட்டும் இருந்தது. நகக்கண்ணில் ஏறின பொடி எந்தச் சோப்புக்கும் போகாது. உங்களுக்குத் தெரியும்.

படிக்குப் பக்கத்தில் வேஷக் கடை ஒன்று இருந்தது. ராசா ராணி வேஷம் போட்டுப் படம் எடுக்கிற கடை. சிவப்பு வெல்வெட்டு அங்கி, கவரிங் ஆரம், கலர் கல் வைத்த தகரக் கிரீடம். கிட்டே போனால் பாச்சா உருண்டை வாடையும் ஊரார் வியர்வையும் அடித்தது. எனக்கு அது தெரியவில்லை. கிரீடம் மட்டும்தான் தெரிந்தது.

சின்ன முதலாளி அங்கே வந்தார். முதலாளியின் இளைய மகன். சென்னையில் படித்துவிட்டு அப்போதுதான் கம்பெனிக்கு வந்திருந்தார். பஸ்ஸுக்கு முன்னால் தனிக் காரில் வந்தார். சிரித்துப் பேசுவார். அவரிடம் யாருக்கும் பயம் இல்லை. கையில் புதுக் கேமரா, எடுத்ததும் பின்பக்கம் படம் தெரிகிற கேமரா. நாம் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவர் அக்காவைப் பார்த்து, நீ போட்டுக்க, உனக்கு நல்லா இருக்கும் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றாள். நான் எனக்கு எனக்கு என்று குதித்தேன். அக்கா போட்டால்தான் பாப்பாவுக்கு என்றார். நான் அக்கா தாவணியைப் பிடித்து இழுத்தேன். ஒரு தடவை போடுக்கா, ஒரே ஒரு தடவை என்று அழ ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து, குரங்கு செருப்பைத் தூக்கிவிட்டது என்று கீழே கூச்சல். எல்லாரும் ஓடினார்கள். மேலே நாங்கள் மூன்று பேர். கொஞ்சம் தள்ளி வாட்ச்மேனும் கடைக்காரரும்.

அக்கா சின்ன முதலாளியிடம் கேட்டாள்: “இந்தப் படம் எங்க போகும்?”

“எங்க போகும்? பிரிண்டு போட்டு ஒன் கையில குடுத்துருவேன். வேற ஒரு ஆள் பாக்க மாட்டாங்க. போதுமா?”

நான் கை எட்டுகிற தூரத்தில் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அக்கா அங்கியையும் கிரீடத்தையும் போட்டுக்கொண்டாள். சின்ன முதலாளி வாட்ச்மேனிடம் சொல்லிச் சங்கிலியை அவிழ்க்கச் செய்தார். அவளை ராசா ஆசனத்தில் உட்கார வைத்தார். அக்கா இரண்டு கையையும் அங்கிக்குள் மறைத்துக்கொண்டாள். சிரி என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்தான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று போர்மேன் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினேன். அக்கா பல் தெரியச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டார்.

அடுத்து நான். கிரீடத்தைத் தலையில் வைத்தார்கள். மூக்கு வரை இறங்கியது. கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அடுத்த தடவை பாப்பா என்று சொல்லி ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ராஜபாளையம் வரும்வரை அழுதேன். என் ஒற்றைச் செருப்பையும் குரங்கு கொண்டுபோயிருந்தது. செருப்புக்கு அழுகிறேன் என்று அம்மா நினைத்து, வேறு வாங்கித் தருகிறேன் என்றாள். அக்காவுக்குத் தெரியும். என்னைத் தன் மடியில் தூக்கி வைத்து, என் படம் வரட்டும், நீயே வச்சுக்க என்றாள்.

படம் வரவில்லை. போர்மேன் மூலமாக அக்கா ஒரு தடவை கேட்டுவிட்டாள். வரும் வரும் என்றார்களாம். பொங்கல் போனது, பங்குனிப் பொங்கல் போனது. அவளும் விட்டுவிட்டாள்.

ஆனி மாதம் சீசன் சூடு பிடித்தது. அப்பா சைக்கிளில் லேபிள் கட்டு ஒன்று கொண்டுவந்து போட்டார். புது லேபிள், பெரிய புஸ்வாணப் பெட்டிக்கு. வெட்டாத தாளாகத்தானே வரும், நாம்தான் கத்தரிப்போம். அம்மா சணலை அறுத்து மேல் தாளை எடுத்தாள். எடுத்தபடி நின்றாள்.

தாள் முழுக்க அக்கா. நாலு வரிசை, வரிசைக்கு மூன்று. பன்னிரண்டு அக்கா, பன்னிரண்டு சிரிப்பு.

தகரக் கிரீடத்தைத் தங்கம் ஆக்கியிருந்தார்கள். பாறை சிம்மாசனம் ஆகிவிட்டது. பின்னால் அரண்மனை. அக்காவின் நிறத்தை ரோஸ் ஆக்கியிருந்தார்கள். அவள் கையை மறைத்திருந்தாள் அல்லவா, அதனால் வேறு யாருடைய கையையோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். சிவந்த கை, கை நிறைய வளையல். அந்தக் கையில் ஒரு புஸ்வாணம் எரிந்தது.

அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. தெருவையே கூப்பிட்டாள். கம்பெனியில் இத்தனை பேர் இருக்க என் மகளைத்தானே எடுத்தாக என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாள். சித்தி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“ஒம்மக இனி டெல்லி, பம்பாய்னு போவா மதினி. நம்ம சாத்தூரத் தாண்டல.”

ஒரு தாளை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

நான் மூலையில் உட்கார்ந்து பசை காய்ச்சினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி வேனில் அக்கா வந்தாள். வாசலில் கூட்டம் நின்றது. சுவரைப் பார்த்தாள். லேபிள் கட்டைப் பார்த்தாள். கூட்டம் கலையட்டும் என்று நின்றாள். பிறகு கை கால் கழுவிவிட்டு வந்து அப்பா முன்னால் நின்றாள்.

“எம் மூஞ்சிய எடுக்கச் சொல்லுங்கப்பா.”

“ஏன்? நல்லாத்தான இருக்கு” என்றார் அப்பா.

“கொளுத்திட்டுப் பொட்டியத் தெருவுல போடுவாக. மிதிப்பாக. சாக்கடையில கெடக்கும்.”

“அதுக்கு? நீயாத்தான வேசம் போட்டு உக்காந்துருக்க. சிரிச்சுக்கிட்டுத்தான இருக்க. போயி என்னன்னு கேக்க?”

“வேற ஒரு ஆள் பாக்க மாட்டாங்கன்னு வாக்குக் குடுத்துத்தான் எடுத்தாரு. இவ பக்கத்துலதான் நின்னா. இவளக் கேளுங்க.”

அப்பா அதிகம் பேசாதவர். முதலாளி வீட்டு ஆள் யாரிடமும் நின்று பேசியதில்லை. ஆனால் வாக்கு என்றால் அவருக்கு வேறு. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கடனைத் திருப்பித் தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி ஒரு வருஷம் காத்திருந்தவர். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வாக்குக் குடுத்தாருன்னா நான் போயிக் கேக்கேன். இப்பமே போறேன்.”

என் பக்கம் திரும்பினார்.

“அவரு அப்படிச் சொன்னாரா?”

அம்மா பசைச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்பா போய்க் கேட்டால் இந்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் அம்மாவுக்கு. அது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் அம்மாவுக்காகச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு தடவை அக்கா, ஒரு தடவைகூட நான் இல்லை. அதுதான் காரணம். பொறாமைதான், வேறு ஒன்றுமில்லை.

“எனக்கு அப்படி ஒண்ணும் கேக்கல. அக்கா தானாத்தான் போட்டா” என்றேன்.

அப்பா துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

அக்கா என்னை அடிக்கவில்லை. பொய் சொல்றா என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தடவை பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தன் முகத்தைத் தானே வெட்டி, தானே பசை தடவி, பெட்டியில் வைத்து அழுத்தினாள். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே இருந்தாள். அப்படித்தான், பழகிரும் என்றாள் அம்மா.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். வேனில் அவள் ஏறினால், ராணி வாராக வழி விடுங்கலே என்பார்கள். லோடு ஏற்றும் இடத்தில் அப்பாவையும் விடவில்லை. “அண்ணாச்சி, ஒம்ம மகள நீரே தூக்கி லாரில போடும்” என்று பெட்டியை நீட்டுவார்களாம். அப்பா வாங்கிப் போடுவார். அது பிறகு ஒரு நாள் சித்தி சொல்லித்தான் வீட்டில் தெரியும். அப்போதும் அவர் கம்பெனியில் போய்க் கேட்கவில்லை. தானாகத்தானே போட்டாள் என்பது அவர் மனதில் நின்றுவிட்டது. நிற்க வைத்தது நான்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் விடிந்தும் விடியாமல் அக்கா ஒரு சாக்கோடு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலாகப் போய்க் காலிப் பெட்டியை எடுத்துச் சாக்கில் போட்டாள். சிலது நனைந்து கிடந்தது. ஒன்றை ஆடு மென்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பிடுங்கினாள். குப்பை பொறுக்குறியா, பைத்தியமா ஒனக்கு என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். அக்கா எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சாக்கின் ஒரு முனையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

தை பிறந்ததும் கல்யாணப் பேச்சு வந்தது. மல்லாங்கிணற்றில் ஒரு நல்ல இடம் வந்தது. அக்கா வேண்டாம் என்றாள். தூரமா எங்கனயாச்சும் பாருங்க என்றாள். பல்லடம் பக்கம் மில்லில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கொடுத்தார்கள்.

தலைதீபாவளிக்கு அவள் வரவில்லை. அம்மா முறுக்குச் சுட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்து வைத்து, பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைதான் விடவில்லை, திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டிக்கொண்டாள். சாகும்வரை அவரைத் திட்டினாள். பாவம் அந்த மனுஷன், நல்லவர். போகலாம் போகலாம் என்று அவர்தான் அக்காவிடம் கெஞ்சினாராம். அதைக் கேட்க அம்மா இல்லை.

அந்த லேபிள் பல வருஷம் ஓடியது. அக்காவுக்கு இரண்டு பிள்ளை பிறந்து, முடி கொட்டி, ஒரு பல் போன பிறகும் பெட்டியில் அவள் பத்தொன்பது வயதில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறாவதோடு என்னையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு நானும் அதே கம்பெனிக்குப் போனேன். சின்ன முதலாளி பெரிய முதலாளி ஆனார். ஒரு ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்கும்போது, அக்கா பேரைச் சொல்லி நான் அவ தங்கச்சி என்றேன். யாரு என்றார். லேபிள்ல படம் போட்டீகளே என்றேன். அப்படியா, சந்தோஷம் என்று சொல்லி அடுத்த ஆளுக்குப் பொரி அள்ளினார். அவரை நான் குறை சொல்லி என்ன. அவர் மறந்துவிட்டார். நான் மறக்காமல் இருந்து என்ன செய்தேன்.

போன வருஷம் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்கா வந்திருந்தாள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கினோம். அவள் தேய்த்தாள். நான் அலசினேன். இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை என்று தோன்றியது. சொன்னேன். அன்னைக்கு அவர் சொன்னது எனக்குக் கேட்டதுக்கா என்றேன். எல்லாம் கேட்டது என்றேன்.

அக்கா கையை நிறுத்தவில்லை. ஒரு அண்டாவை முழுக்கத் தேய்த்து முடித்துக் கவிழ்த்தாள்.

“அப்பா போயிருந்தாலும் அவுக எடுத்துருக்க மாட்டாக. அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“பொறகு எதுக்குக்கா அப்பாவப் போகச் சொன்ன?”

“எனக்காக ஒரு ஆள் போயிக் கேட்டாகன்னு இருந்துருக்கும்” என்றாள். “எடுத்தா எடுக்காக, எடுக்காட்டிப் போறாக. அந்த ஒண்ணு எனக்கு இருந்துருக்கும்.”

பாத்திரம் இன்னும் மிச்சம் இருந்தது. அதையும் விளக்கினோம். சாயங்காலப் பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை போனேன். பஸ் வந்தது. பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள். நான் நின்ற பக்கம் இல்லை, அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள்.